விலையும் விளையாட்டும்

பழைய சாமான்களைச் சேர்த்து வைப்பவர்களிடம் எனக்கு எப்போதுமே ஒரு மரியாதை உண்டு. தபால் தலை சேர்ப்பவர், நாணயம் சேர்ப்பவர், கிராமபோன் தட்டுச் சேர்ப்பவர் எல்லோருமே ஒரு விதத்தில் நம்முடைய சோம்பேறித்தனத்துக்குப் பிராயச்சித்தம் செய்கிறவர்கள். நாம் எடைக்குப் போட்டதை அவர்கள் எடுத்துத் துடைத்து அலமாரியில் வைக்கிறார்கள். ஆனால் இந்த மரியாதைக்கும் ஓர் எல்லை உண்டு. "நான் சேர்த்து வைத்திருப்பதை வேறு யாரும் அனுபவிக்கக் கூடாது, அனுபவித்தால் என் சரக்கின் விலை இறங்கிவிடும்" என்று ஒருவர் கிளம்புகிறபோது, அவருக்கும் அரிசி மூட்டைகளைப் பதுக்கி வைத்துவிட்டு மழை பெய்யக் கூடாது என்று வேண்டிக்கொள்கிற மண்டிக்காரருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

இவ்வளவு சூடாகத் தொடங்குவதற்குக் காரணம் சென்னையில் இருக்கும் என் நண்பர் ஒருவர். நல்ல மனிதர், நல்ல உத்தியோகம், போனால் நல்ல காப்பி கொடுப்பார். பழைய வீடியோ கேம் யந்திரங்களையும் அவற்றில் சொருகும் கேசட்டுகளையும் சேர்ப்பது அவருடைய பொழுதுபோக்கு. வீட்டில் அதற்கென்று ஒரு தனி அறை. அதில் ஏ.சி. உண்டு, குழந்தைகளுக்கு அனுமதி இல்லை. அவர் ஒரு மகஜர் தயார் செய்து என்னிடம் நீட்டினார். 'ப்ளாஷ் கேசட்' என்று ஒரு பண்டம் வெளிநாட்டிலிருந்து வருகிறதாம். அதைச் சுங்க இலாகா துறைமுகத்திலேயே மடக்க வேண்டுமாம். அது திருட்டாம், பழைய கேசட்டுகளின் மதிப்பைக் கெடுக்கிறதாம், அசல் பொருளின் மேல் இளைஞர்களுக்கு இருக்கும் பக்தியை அழிக்கிறதாம். "நீங்கள் எழுத்தாளர், சார். பதிப்புரிமையின் அருமை உங்களுக்குத்தான் தெரியும். முதல் கையெழுத்து உங்களுடையதாக இருக்க வேண்டும்" என்றார்.

நான் போடவில்லை. ஏன் போடவில்லை என்பதை அவரிடம் சொன்னேன், அவர் ஒப்புக்கொள்ளவில்லை. வாசகர்களிடம் சொல்லிப் பார்க்கிறேன்.

நாவல் படிக்கிறவர்களுக்கு இந்தச் சங்கதி சற்று அந்நியமாகத் தோன்றலாம். ஆனால் உங்கள் வீட்டுப் பரணில் ஒன்று கிடந்தாலும் கிடக்கும். 1990களில் பிள்ளைகள் முழுப் பரீட்சை முடிந்ததும் அடம் பிடித்து வாங்கிக்கொண்ட டி.வி. கேம் பெட்டி, வால் முளைத்த இரண்டு ரிமோட், ஒரு பிளாஸ்டிக் துப்பாக்கி, மஞ்சள் நிறத்தில் ஒரு கேசட். ஜப்பானில் நிண்டெண்டோ கம்பெனி 1983 ஜூலையில் 'ஃபேமிகாம்' என்ற யந்திரத்தை வெளியிட்டது. நம் வீட்டுப் பெட்டி அதனுடைய பேரன். நேர் வழிப் பேரன் அல்ல, அவ்வளவுதான்.

இந்தக் கேசட்டுக்குள் பாட்டுக் கேசட்டைப் போல நாடா எதுவும் இல்லை. உள்ளே ஒரு சிறு சிப். தொழிற்சாலையில் அதைச் செய்யும்போதே ஆட்டமும் பதிந்துவிடும். பிறகு அதில் ஓர் எழுத்தைக்கூட மாற்ற முடியாது. சில கேசட்டுகளில் ஆட்டக்காரன் எந்தக் கட்டம் வரை வந்தான் என்பதை நினைவு வைத்துக்கொள்ள ஒரு சிறு பாட்டரியும் இருக்கும். பாட்டரி இருபது முப்பது வருஷத்தில் செத்துவிடும். (கேசட் வேலை செய்யாவிட்டால் அதன் வாயில் 'ஃபூ' என்று ஊதுவோமே, அதில் எச்சில் ஈரம் பட்டுத் துரு ஏறியதுதான் மிச்சம். கழற்றி மறுபடி சொருகியதால்தான் அது ஓடிற்று, ஊதியதால் அல்ல. இதை இப்போது சொல்லி என்ன பிரயோஜனம்!)

ப்ளாஷ் கேசட் என்பது அதே வடிவத்தில் உள்ள ஒரு கேசட். ஆனால் சிப்புக்குப் பதில் அழித்து எழுதக் கூடிய ஞாபக சக்தி. தலையில் ஒரு பொந்து. அந்தப் பொந்தில் செல்போனுக்குப் போடுகிற மாதிரி ஒரு மெமரி கார்டைச் சொருகினால், அதில் உள்ள ஆட்டங்களின் ஜாபிதா டெலிவிஷனில் வரும். வேண்டியதைத் தேர்ந்தெடுத்து ஆடலாம். பழைய யந்திரத்துக்கு இது அசலா, வேறொன்றா என்று தெரியவே தெரியாது. உக்ரைன் நாட்டு இஞ்சினீயர் ஒருவர் செய்யும் 'எவர்டிரைவ்' இதில் பேர் போனது. சீனாவில் செய்த மலிவுச் சரக்கும் உண்டு. அந்தக் காலத்து ஆட்டம் எவ்வளவு சிறியது தெரியுமா? உலகத்தையே கட்டிப்போட்ட 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' மொத்தமும் 40 கிலோபைட். விடிந்ததும் வாட்ஸப்பில் உங்கள் மைத்துனர் அனுப்புகிற காலை வணக்கப் படத்தைவிடச் சிறியது. ஆகவே அந்த யந்திரத்துக்காகப் பிறந்த ஆட்டங்கள் அத்தனையும் ஒரு நகக்கண் அளவு கார்டில் அடங்கிவிடும். என் நண்பருடைய ஏ.சி. அறையில் உள்ளதைப் போலப் பல மடங்கு. அவருக்கு வயிறு எரிவதில் ஆச்சரியம் இல்லை.

சரி, திருட்டு என்ற குற்றச்சாட்டை எடுத்துக்கொள்வோம். அதைச் சொல்கிறவர் யார் என்று முதலில் பார்க்க வேண்டும்.

அசல் வீடியோ கேம் நம் நாட்டு நடுத்தரக் குடும்பத்துக்கு எந்தக் காலத்தில் எட்டியது? 1995ல் ஷா வாலஸ் கம்பெனி ஜப்பானின் சேகா யந்திரத்தை முறைப்படி இந்தியாவுக்குக் கொண்டுவந்தபோது, ஒன்றின் விலை 18,000 ரூபாய். அன்றைக்கு ஓர் ஆரம்பப் பள்ளி ஆசிரியருக்கு அது பல மாதச் சம்பளம். அதனால் நம் பிள்ளைகள் ஆடியதெல்லாம் தைவானிலும் சீனாவிலும் தயாரான நகல்கள்தாம். 'மீடியா' என்றும் 'லிட்டில் மாஸ்டர்' என்றும் பல பெயர்களில் அவை கடைத்தெருவில் கிடைத்தன. கேசட்டின் மேல் '9999 இன் 1' என்று அச்சடித்திருக்கும். உள்ளே பத்து இருபது ஆட்டம் இருக்கும். மற்றதெல்லாம் அதே ஆட்டத்தை மூன்றாம் கட்டத்திலிருந்து ஆரம்பிப்பது, அல்லது மாரியோவின் சட்டை நிறத்தை மாற்றிவிடுவது. அந்த 9999ஐ எண்ணிப் பார்த்து ஏமாந்த குழந்தைகள் இன்று நாற்பது வயதுக்காரர்கள்.

என் நண்பருடைய அலமாரியில் முக்கால்வாசி என்ன? இந்த மஞ்சள் கேசட்டுகள்தாம்! ஜப்பானியக் கம்பெனிக்கு ஒரு தம்பிடி கொடுக்காமல் அடித்த நகல்கள். அவற்றைத்தான் "அபூர்வம், சார்; இந்த லேபிள் இனிமேல் கிடைக்காது" என்று கண்ணாடிப் பெட்டியில் வைத்து, ஒவ்வொன்றுக்கும் ஆயிரம் இரண்டாயிரம் என்று விலை சொல்கிறார். நகலுக்கு முப்பது வயதானால் அது பொக்கிஷம். நேற்றுப் பிறந்த நகல் மட்டும் திருட்டா? இது என்ன நியாயம் என்று நான் கேட்டபோது, "அது வேறு, சார்" என்றார். எப்படி வேறு என்று கேட்டேன். காப்பி ஆறிப்போகிறது என்றார்.

விலை விஷயத்துக்கு வருவோம். ப்ளாஷ் கேசட் வந்தால் அசல் கேசட்டின் விலை விழுந்துவிடும் என்பது கேட்பதற்குத் தர்க்கம் போலத்தான் இருக்கிறது. எந்த ஆட்டமும் கார்டில் கிடைக்கும்போது அசலை எவன் வாங்குவான்? ஆனால் நடந்தது என்ன? 'சூப்பர் மாரியோ பிரதர்ஸ்' கேசட் ஒன்று, பெட்டியின் முத்திரை பிரிக்காதது, 2019ல் 1 லட்சத்து 150 டாலருக்குப் போயிற்று. அதே ஆட்டத்தின் இன்னொரு பிரதி 2021 ஏப்ரலில் 6 லட்சத்து 60 ஆயிரம் டாலர். அதே ஆண்டு ஆகஸ்டில் வேறொன்று 20 லட்சம் டாலர். இடையில் ஜூலையில் 'சூப்பர் மாரியோ 64' ஒன்றை அமெரிக்காவில் ஹெரிடேஜ் ஏலக் கம்பெனியார் 15 லட்சத்து 60 ஆயிரம் டாலருக்கு விற்றார்கள். நம் பணத்தில் பதினொரு கோடி ரூபாய்க்கு மேல். இத்தனைக்கும் இது உலகத்தில் ஏறக்குறைய 1 கோடியே 20 லட்சம் பிரதிகள் விற்ற ஆட்டம்! இவை நடந்த காலத்தில் இந்த யந்திரங்களுக்கெல்லாம் ப்ளாஷ் கேசட் பல ஆண்டுகளாகவே கடையில் கிடைத்துக்கொண்டிருந்தது. 2022க்குப் பிறகு சூடு கொஞ்சம் தணிந்தது உண்மை. அதற்குக் காரணம் ப்ளாஷ் கேசட் அல்ல. கொரோனா காலத்தில் வீட்டில் அடைந்து கிடந்து கையில் இருந்த பணத்தைப் பழைய சாமானில் போட்டவர்கள் வெளியே போக ஆரம்பித்துவிட்டார்கள்.

வேறோர் உதாரணம். 'எர்த்பவுண்ட்' என்று 1995ல் அமெரிக்காவுக்கு வந்த ஓர் ஆட்டம் உண்டு. அதன் கேசட் பல நூறு டாலர். நிண்டெண்டோ கம்பெனியே 2013லும் பிறகு 2022லும் அந்த ஆட்டத்தைத் தன் புது யந்திரங்களில் மலிவாகக் கிடைக்கும்படி செய்தது. கேசட்டின் விலை பத்து டாலருக்கு விழுந்ததா? இல்லை, நூற்றுக்கணக்கிலேயே நின்றது.

இதில் புதிர் ஒன்றும் இல்லை. ஒரே பண்டத்துக்குள் இரண்டு பண்டங்கள் இருந்தன: ஆடுவதற்கு ஒன்று, வைத்துக்கொள்வதற்கு ஒன்று. முன்பு இரண்டையும் சேர்த்துத்தான் வாங்க முடியும். ப்ளாஷ் கேசட் அவற்றைப் பிரித்துவிட்டது. ஆட விரும்புகிறவன் ஆடிவிட்டுப் போகிறான். வைத்துக்கொள்ள விரும்புகிறவன் எப்போதும்போல வைத்துக்கொள்கிறான். முதல் ஆள் இரண்டாம் ஆளுக்கு எப்போதுமே வாடிக்கைக்காரன் அல்ல. வாடிக்கைக்காரனாக ஆக வேண்டிய நிர்ப்பந்தம்தான் போய்விட்டது. அந்த நிர்ப்பந்தத்தில் லாபம் பார்த்தவர்களுக்கு மட்டும்தான் இது நஷ்டம்.

இதைப் புரிந்துகொள்ள நமக்கு வீடியோ கேமே வேண்டாம். 'பொன்னியின் செல்வன்' 1950லிருந்து 1954 வரை 'கல்கி'யில் மணியம் அவர்களின் சித்திரங்களுடன் தொடர்கதையாக வந்தபோது, வாரா வாரம் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்துப் பைண்டு செய்து வைத்த பாட்டிகள் எத்தனை பேர்! அதற்குப் பிறகு அந்தக் கதை எத்தனை பதிப்பு வந்துவிட்டது. கெட்டி அட்டையில், மலிவுப் பதிப்பில், ஒலி நூலாக, சினிமாவாகக்கூட. அந்தப் பைண்டு வால்யூம் ஒன்றை இப்போது விலைக்குக் கேட்டுப் பாருங்கள். பாட்டியின் பேத்தி கொடுக்க மாட்டாள். கொடுத்தாலும் நீங்கள் கொடுக்கிற விலை மலிவுப் பதிப்பின் விலையாக இருக்காது. பாரதியாருடைய எழுத்துக்களின் உரிமையை 1949ல் சென்னை அரசாங்கம் ஏற்று, பிறகு அவை பொதுவுடைமை ஆயின. இன்று யார் வேண்டுமானாலும் அச்சிடலாம். ரயில்வே ஸ்டேஷனில் கிடைக்கிறது. அதனால் 1908ல் வந்த 'ஸ்வதேச கீதங்க'ளின் முதற்பதிப்பை யாராவது எடைக்குப் போடுகிறார்களா?

என் சொந்த அனுபவமும் இதே. என்னுடைய முதல் நாவலை வெளியிட்ட பதிப்பாளர் கடையை மூடி இருபது வருஷத்துக்கு மேல் ஆயிற்று. புத்தகம் எங்கும் இல்லை. என்னிடமே ஒரு பிரதி இல்லை. திருவல்லிக்கேணியில் ஒரு பழைய புத்தகக் கடையில் ஒன்று இருந்தது. விலை 1,500 என்றார் கடைக்காரர். "நான்தான் ஐயா இதை எழுதினவன்" என்றேன். "அப்படியா, ரொம்ப சந்தோஷம். அப்படியானால் ஒரு கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள், 2,000க்குப் போகும்" என்றார்! பிறகு திருச்சியிலிருந்து ஒரு வாசகி, தன்னிடம் இருந்த பிரதியை முழுவதும் ஜெராக்ஸ் எடுத்து எனக்குத் தபாலில் அனுப்பினார். அந்த ஜெராக்ஸை வைத்துத்தான் இரண்டாம் பதிப்பு அச்சாயிற்று. நியாயமாகப் பார்த்தால் என் அனுமதி இல்லாமல் அந்த அம்மாள் நகல் எடுத்தது குற்றம். அந்தக் குற்றத்தால்தான் இன்று அந்த நாவல் உயிரோடு இருக்கிறது. திருவல்லிக்கேணிக்காரருடைய பிரதி என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். புது பதிப்பு வந்து நாலு பேர் அதைப் பற்றிப் பேசியதும், பழைய பதிப்புக்கு அவர் 3,500 சொன்னார்.

அசலின் மேல் உள்ள பக்தி அழிந்துவிடும் என்ற மூன்றாவது குறை இருக்கிறதே, அதைப் பற்றி எனக்கு மானாம்பதியில் கொஞ்சம் தெளிவு ஏற்பட்டது.

மானாம்பதி என்றால் உத்திரமேரூர் வட்டத்து மானாம்பதி. என் சித்தி மகன் அங்கே இருக்கிறான். உத்திரமேரூருக்குப் போகிறவர்கள் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வருவார்கள். 919லும் 921லும் வெட்டிய அந்த எழுத்துக்களை மைப்படி எடுத்து, அச்சிட்டு, பள்ளிப் பாடப் புத்தகத்திலும் போட்டாயிற்று. அதைப் படித்த பிள்ளைகள்தாம் ஆசிரியரோடு பஸ்ஸில் வந்து கல்லைத் தொட்டுப் பார்க்கிறார்கள். கல்லின் மகிமையைக் காகிதம் குறைத்துவிட்டது என்று இதுவரை யாரும் மகஜர் எழுதவில்லை.

சித்தி மகனுக்கு ஒரு பையன். உத்திரமேரூரில் செல்போன் ரிப்பேர் செய்கிற கடையில் வேலை. அவன் பரணிலிருந்து தன் அப்பா வாங்கிக் கொடுத்த டி.வி. கேமை இறக்கி, திறந்து, பற்றவைத்து, சரி செய்துவிட்டான். கேசட்டில் பாதி ஓடவில்லை. மூன்று மாதம் பணம் சேர்த்து ஒரு சீன ப்ளாஷ் கேசட் வரவழைத்தான். டெலிவிஷன்? அரசாங்கம் 2006லிருந்து வீடு வீடாகக் கொடுத்ததே, அந்த 14 அங்குல இலவசக் கலர் டி.வி. தமிழ்நாட்டில் ஒன்றரைக் கோடிக்கும் மேல் கொடுத்தார்கள். புது மாதிரித் தட்டை டி.வி. வந்ததும் அவை மாட்டுக் கொட்டகை வரை போய்விட்டன. ஆனால் வாத்துச் சுடுகிற ஆட்டம் இருக்கிறதே, அதன் துப்பாக்கி பழைய டியூப் டி.வி.யில்தான் வேலை செய்யும். குதிரையை இழுத்தவுடன் திரை ஒரு கணம் கறுத்து, வாத்து இருக்கிற இடம் மட்டும் வெளுக்கும். துப்பாக்கிக்குள் உள்ள கண் அந்த வெளிச்சத்தைப் பார்த்துக் குறி சரியா என்று சொல்லும். தட்டை டி.வி.யில் வெளிச்சம் ஒரு நொடியின் சிறு பகுதி தாமதமாக வருகிறது. அதற்குள் துப்பாக்கி 'தப்பு' என்று சொல்லிவிடும். அமெரிக்காவில் இதற்காகவே பழைய டியூப் டி.வி.யைத் தேடி அலைகிறார்கள். மானாம்பதியில் அது மாட்டுக் கொட்டகையில் இருக்கிறது.

நான் போயிருந்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் தெருப்பிள்ளைகள் பதினைந்து பேர் வரிசையில் நின்றார்கள். ஒரு உயிர் போனால் அடுத்த ஆள். ஒரு கிழவர், நூறு நாள் வேலைக்குப் போய் வந்தவர், துப்பாக்கியை வாங்கி இரண்டு வாத்தைச் சுட்டுவிட்டு, "காசு கேக்கறியாடா?" என்றார். காசு ஒன்றும் இல்லை.

"பெரியப்பா, இதப் பாருங்க" என்று பையன் இன்னொன்றைக் காட்டினான். ஓர் ஆட்டத்தின் முகப்பில் ஆங்கில எழுத்துக்கு பதிலாக 'ஆட்டம் தொடங்கு' என்று தமிழில் வந்தது. எப்படி என்று கேட்டேன். இந்த யந்திரத்தில் எழுத்து, மரம், மலை எல்லாமே எட்டுக்கு எட்டுப் புள்ளிக் கட்டங்களால் ஆனவை. ஆங்கில எழுத்து ஒரு கட்டத்துக்குள் அடங்கும். நம்முடைய 'ஆ' அடங்குமா? அதன் சுழியே எட்டுப் புள்ளி கேட்கிறது. ஆகவே எழுத்துக்கு இரண்டு கட்டமாக ஒதுக்கி, போதாத இடத்தில் ஆட்டத்தில் பயன்படாமல் இருந்த ஒரு மேகத்தின் கட்டங்களைத் திருடி, ராத்திரி ராத்திரியாக உட்கார்ந்து புள்ளி வைத்திருக்கிறான். "டங்கு வரல பெரியப்பா, 'ங்' ரொம்ப கஷ்டப்படுத்துது" என்றான். அவன் தகப்பன், "இதுக்கா உன்னப் படிக்க வெச்சேன்" என்று முணுமுணுத்தான். எனக்கோ, கோலம் போடுகிற என் அம்மாவின் ஞாபகம் வந்தது.

தொழிற்சாலையில் பதிந்த சிப்பில் இந்த வேலை நடக்குமா? பழைய கேசட் சொன்னதையே சொல்லும் கிளி. ப்ளாஷ் கேசட்டில்தான் ஒருவன் எழுதிப் பார்த்து, யந்திரத்தில் போட்டு, தப்பைக் கண்டுபிடித்து, திரும்ப எழுத முடியும். ஜெர்மனியில் சிலர் 2019ல் இதே பழைய யந்திரத்துக்காக 'மைக்ரோ மேஜஸ்' என்று ஒரு புது ஆட்டத்தையே எழுதி வெளியிட்டார்கள். அதுவும் மாரியோவைப் போல அதே 40 கிலோபைட்டுக்குள். செத்துவிட்ட பாஷை என்று நினைத்ததில் ஒருவர் புதிதாகக் கவிதை எழுதுகிற மாதிரி. இதற்குப் பெயர் பக்தி அழிவதா?

இனி, எழுத்தாளன் என்ற முறையில் என்னைக் கேட்டாரே, அந்தப் பதிப்புரிமை. 1957ம் வருஷத்து இந்தியச் சட்டத்தில் கம்ப்யூட்டர் புரோகிராமும் இலக்கியப் படைப்புத்தான். ஆக என் நாவலும் மாரியோவும் சட்டத்தின் கண்ணில் ஒரே ஜாதி. இதில் எனக்குப் பெருமையா சிறுமையா என்று விமரிசகர்கள் தீர்மானிக்கட்டும். நியாயமாகப் பிரதி வைத்திருப்பவன், அது கெட்டுப்போனால் என்ன செய்வது என்று தற்காப்புக்காக ஒரு நகல் எடுத்துக்கொள்ளவும் அதே சட்டம் இடம் கொடுக்கிறது. அதற்கு மேல் போகிறவர்களுக்குச் சட்டம் இடம் கொடுக்கவில்லை என்பதையும் நான் மறைக்கப் போவதில்லை. கடையில் விற்பனைக்கு இருக்கிற என் புத்தகத்தைப் பி.டி.எஃப். ஆக்கித் தெருவில் விடுகிறவனை நான் மன்னிக்க மாட்டேன். அவன் என் அடுப்பில் தண்ணீர் ஊற்றுகிறான். நிண்டெண்டோவின் டி.எஸ். யந்திரம் கடையில் அமோகமாக விற்றுக்கொண்டிருந்தபோது அதற்கு 'ஆர்4' என்று ஒரு கள்ளக் கார்டு வந்தது. 2009ல் டோக்கியோ கோர்ட்டு அதைத் தடுத்தது. புது யந்திரங்களின் பூட்டை உடைக்கும் கருவி விற்ற கும்பலில் ஒருவருக்கு 2022 பிப்ரவரியில் அமெரிக்கக் கோர்ட்டு 40 மாதச் சிறை கொடுத்தது. தொகை பிரமாண்டமாக இருந்தது என்பதைத் தவிர, தீர்ப்பின் தத்துவத்தில் எனக்கு ஆட்சேபணை இல்லை.

ஆனால் கடையில் இல்லாத பண்டம்? அமெரிக்காவில் வீடியோ கேம் சரித்திரச் சங்கம் ஒன்று 2023ல் கணக்கெடுத்துச் சொன்னது: 2010க்கு முன் அங்கே வெளிவந்த ஆட்டங்களில் 87 சதவீதம் இன்று எந்த விலைக்கும் கடையில் கிடைக்காது. புத்தகக் கடையில் நூற்றுக்கு 87 புத்தகம் 'ஸ்டாக் இல்லை. இனி வராது' என்றால் வாசகன் என்ன செய்வான்? நிண்டெண்டோவே 2023 மார்ச்சில் தன்னுடைய இரண்டு பழைய யந்திரங்களுக்கான இணையக் கடையை இழுத்துப் பூட்டிவிட்டது. நூல் நிலையங்கள் ஆராய்ச்சிக்காரர்களுக்கு இந்த ஆட்டங்களைத் தூரத்திலிருந்து எடுத்துக் கொடுக்கலாமா என்று கேட்டதற்கு, 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் கூடாது என்று சொல்லிவிட்டது. விற்கவும் மாட்டேன், இரவலும் கொடுக்கக் கூடாது! வைக்கோற்போர் நாய்க்குக்கூட இவ்வளவு பதிப்புரிமை இருந்ததில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால் ப்ளாஷ் கேசட் என்ற யோசனையே அதே கம்பெனிக்குப் புதிதல்ல. 1986ல் ஜப்பானில் கடைகளில் ஒரு யந்திரம் வைத்தார்கள். பழைய ஆட்டம் உள்ள தகட்டைக் கொண்டுபோய் 500 யென் கொடுத்தால், அதை அழித்துப் புது ஆட்டம் எழுதிக் கொடுப்பார்கள். 1997ல் அசல் ப்ளாஷ் கேசட்டையே விற்றார்கள்; லாசன் என்ற பலசரக்குக் கடைகளில் அதில் ஆட்டம் ஏற்றிக்கொள்ளலாம். சில ஆண்டுகள் அது நடந்தது. நம் ஊரில் பால் பூத்துக்குப் பாத்திரம் கொண்டுபோகிற மாதிரி. நியாயமான விலை, பக்கத்துக் கடை, எழுதியவனுக்குப் பங்கு. அதைத் தொடர்ந்து நடத்தி, இந்தியாவுக்கும் கொண்டுவந்திருந்தால், மானாம்பதிப் பையன் அந்தக் கடையில்தான் வரிசையில் நின்றிருப்பான். கடையை மூடியவர்கள் வாடிக்கைக்காரன் ஒழுக்கத்தைப் பற்றிப் பேசுவது எனக்கு ருசிக்கவில்லை.

நண்பரோடு எனக்கு ஒத்துப்போகிற இடம் ஒன்று உண்டு. அதையும் சொல்ல வேண்டும். போலிக் கேசட். புது சிப்பில் ஆட்டத்தை ஏற்றி, பழைய லேபிள் மாதிரியே அச்சடித்து ஒட்டி, 'அசல், என் பெரியப்பா அமெரிக்காவிலிருந்து கொண்டுவந்தது' என்று தலையில் கட்டுகிறார்களே, அது அயோக்கியத்தனம். போக்கிமான் கேசட்டுகளில் இந்தப் போலி கொஞ்ச நஞ்சமல்ல. ப்ளாஷ் கேசட்டையும் இதையும் ஒன்றாகப் போட்டுக் குழப்புகிறது மகஜர். ப்ளாஷ் கேசட் தன்னை அசல் என்று எங்கும் சொல்லிக்கொள்வதில்லை. அதன் நெற்றியில் உள்ள பொந்தே அதன் ஜாதகம். சொல்லப்போனால், ஆடுவதற்கு மட்டும் ஆசைப்படுகிறவனுக்கு அது கிடைத்துவிட்டால், அவன் போலிக்காரனிடம் போய் ஏமாற வேண்டியதில்லை. "போலிகளுக்கு எதிராக மட்டும் மகஜரை மாற்றி எழுதுங்கள், முதல் கையெழுத்து என்னுடையது" என்றேன். அப்படி எழுதினால் சந்தையில் பாதிச் சரக்கை, தன்னுடையது உள்பட, பிரித்துப் பார்க்க வேண்டியிருக்கும் என்று யோசிக்கிறார்.

இதற்கிடையில் அவரும் ஒருமுறை என்னோடு மானாம்பதிக்கு வந்தார். தெருவில் நாலு வீட்டுப் பரணைப் பார்த்து, ஒரு பெட்டியும் துப்பாக்கியும் பதினோரு மஞ்சள் கேசட்டுமாக 600 ரூபாய்க்கு வாங்கிக்கொண்டார். விற்ற அம்மாளுக்கு மகா திருப்தி. எலி கடிக்காமல் இடம் மிச்சம் என்றாள். அடுத்த மாதம் அவருடைய விற்பனை ஜாபிதாவில் அந்தத் துப்பாக்கி மட்டும் 2,400 என்று வந்தது. கீழே சிறிய எழுத்தில் 'ஆடிப் பார்க்கவில்லை' என்ற குறிப்பு. அவரிடம் டியூப் டி.வி. கிடையாது. உங்கள் பெரியப்பா பையன் வீட்டு இலவச டி.வி.யை விலைக்குக் கொடுப்பானா என்று என் தம்பி மகனுக்குப் போன் செய்து கேட்டிருக்கிறார். திண்ணையில் கூட்டம் இருக்கிறது, அப்புறம் பேசுகிறேன் என்று அவன் வைத்துவிட்டானாம்.